மருந்துக்கு ரெண்டு அர்த்தம்: கிளாவரையிலிருந்து ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்



எங்க ஊர்ல 'மருந்து'ங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, பீன்ஸ் செடிக்கு அடிக்கிறதும் மருந்து. "பெரியப்பா எங்க?"ன்னு கேட்டா, "மருந்தடிக்கப் போயிருக்கார்"னு பதில் வரும். அதை யாரும் விஷம்னு சொல்ல மாட்டாங்க. நான் இன்னைக்குப் பேசப்போற விஷயம் இந்த ரெண்டு மருந்துக்கும் நடுவுல மாட்டின ஒரு நாளிலிருந்து ஆரம்பிக்குது.

ஊர் பேரு கிளாவரை. கொடைக்கானலுக்கு நீங்க வந்திருப்பீங்க. ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் பார்த்திருப்பீங்க. கொஞ்சம் ஆர்வம் இருக்கிறவங்க பூம்பாறை, மன்னவனூர் வரைக்கும் வருவாங்க. மன்னவனூர் புல்வெளியில ரீல்ஸ் எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. ஆனா ரோடு அங்க முடியறதில்ல. கவுஞ்சி, பூண்டி தாண்டி கடைசியா கிளாவரை. அங்கதான் பஸ் திரும்பும். அதுக்கு மேல காடு, காட்டைத் தாண்டினா கேரளா. கொடைக்கானல் டவுனுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல. சமவெளியில அது ஒரு மணி நேரம்கூட இல்ல. மலை ரோட்டுல, மழையில, மூடுபனியில எவ்வளவுன்னு சொல்ல முடியாது.

நான் அங்க பிறந்து, பி.எஸ்சி. நர்சிங் படிச்சு, சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவுல மூணு வருஷம் வேலை பார்த்தேன். அப்புறம் 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்'னு ஒரு எம்.எஸ்சி. படிச்சேன். முடிச்சுட்டு ஒரு வாரம் லீவுல ஊருக்கு வந்திருந்தேன். அப்போ நடந்தது இது.

காலையில பதினோரு மணி இருக்கும். பெரியப்பா பையன் ஓடி வந்தான். "அக்கா, அப்பா வயல்ல விழுந்துட்டாரு." போய்ப் பார்த்தா, ஸ்வெட்டர் போட்டும் நடுங்குற குளிர்ல அவருக்கு வேர்த்துக் கொட்டுது. வாயில எச்சில் வழியுது, கண்ணுல தண்ணி. கண்மணி ரெண்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்துச்சு. தோள்ல சதை தனியா துடிச்சுக்கிட்டிருந்துச்சு. நாடி ரொம்ப மெதுவா இருந்துச்சு. பக்கத்துல மருந்தடிக்கிற டாங்க் சாய்ஞ்சு கிடந்துச்சு. முதுகெல்லாம் ஈரம்.

இதை நான் ஐசியூவுல எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஆர்கனோபாஸ்பேட் விஷம். இதுக்குக் கொடுக்க வேண்டிய ஊசி அட்ரோபின். விலை கம்மி, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற ஊசி. முதல் டோஸ் போட்டு அஞ்சு நிமிஷம் பார்க்கணும். போதலைன்னா இரட்டிப்பாக்கணும். நுரையீரல்ல அந்தக் களகள சத்தம் அடங்கி, நாடி ஏறுற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் பண்ணணும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனா அன்னைக்கு என்னால முடிஞ்சது என்ன? கையுறைக்குப் பதிலா பாலித்தீன் கவரைக் கையில மாட்டிக்கிட்டு அவர் சட்டையைக் கழட்டினேன். சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவினேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தியெடுக்க வைக்க வந்தவங்களைத் தடுத்தேன். தம்பி டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஓடி 108-க்கு போன் பண்ணான். அது வர்ற வரைக்கும் காத்திருக்காம, காய்கறி ஏத்துற பிக்கப்புல அவரைப் போட்டுக்கிட்டு எதிர்ல கிளம்பினோம்.

பாதி வழியில ஆம்புலன்ஸ் வந்துச்சு. உள்ள இருந்த இ.எம்.டி. அண்ணன் ஒரு நிமிஷம்கூட வீணாக்கல. ஆக்சிஜன் மாட்டினாரு, போன்ல டாக்டர்கிட்ட நான் சொன்னதையும் அவர் பார்த்ததையும் சொன்னாரு, அந்தப் பக்கம் உத்தரவு வந்துச்சு, அட்ரோபின் போட்டாரு. நான் பக்கத்துல உட்கார்ந்து பெரியப்பா கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த அண்ணன்கிட்ட ஒரு நெறிமுறை இருந்துச்சு, ஒரு பை நிறைய மருந்து இருந்துச்சு, போன்ல ஒரு டாக்டர் இருந்தாரு. என்கிட்ட படிப்பு இருந்துச்சு. அன்னைக்கு உயிரைக் காப்பாத்தினது அவர்கிட்ட இருந்ததுதான்.

லீவுல வந்த நர்ஸ் ஒருத்தி கண்ட இடத்துல ஊசி போடணும்னு நான் சொல்லல. எந்த நாட்டுலயும் அது கிடையாது. நான் கேட்கிறது வேற. கடைசி பஸ் ஸ்டாப்புல இருக்கிற ஒரு ஊருக்கு, அந்த மூணும் சேர்ந்து இருக்கிற ஒருத்தர் ஏன் இல்ல? படிப்பு, அதிகாரம், பின்னாடி ஒரு டாக்டர். இந்த மூணும் இருக்கிறவங்களுக்குத்தான் உலகத்துல 'நர்ஸ் பிராக்டிஷனர்'னு பேரு.

இந்தப் பேரு எங்க ஆரம்பிச்சுதுன்னு பார்த்தா, அதுவும் ஒரு மலைப்பகுதிக் கதைதான். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம். அங்க லொரெட்டா ஃபோர்டுன்னு ஒரு பொது சுகாதார நர்ஸ். கிராமத்துக் குழந்தைகளைப் பார்க்க டாக்டர் இல்ல. அவங்களும் ஹென்றி சில்வர்ங்கிற குழந்தைகள் டாக்டரும் சேர்ந்து, 1965-ல கொலராடோ பல்கலைக்கழகத்துல முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பிச்சாங்க. நர்சுகளுக்கு நோயாளியை முழுசா பரிசோதிக்க, என்ன நோய்னு முடிவெடுக்கக் கத்துக்கொடுத்தாங்க. அப்போ நிறைய எதிர்ப்பு, டாக்டர்கள்கிட்டருந்து மட்டுமில்ல, நர்சுகள்கிட்டருந்தும். அந்த அம்மா 104 வயசு வரைக்கும் இருந்து, 2025 ஜனவரியில இறந்தாங்க. அவங்க ஆரம்பிச்ச வேலையில 2023-லிருந்து 2033-க்குள்ள 46 சதவீதம் வளர்ச்சி இருக்கும்னு அமெரிக்க அரசோட தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணிச்சிருக்கு.

சரி, இதை நம்பலாமா? 2000-ஆம் வருஷம் 'ஜாமா' மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. நியூயார்க்ல 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதியினரை நர்ஸ் பிராக்டிஷனர்கிட்டயும் இன்னொரு பகுதியினரை டாக்டர்கிட்டயும் அனுப்பினாங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு அதிகாரம். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, நோயாளிகளோட உடல்நிலையில சொல்லும்படியான வித்தியாசம் இல்ல. கவனிங்க, இது ஆரம்ப நிலை சிகிச்சையில. மூளை ஆபரேஷன்ல இல்ல. இந்த வேலையோட எல்லையும் அதுதான், பலமும் அதுதான்.

இப்போ நம்ம நாட்டுக்கு வர்றேன். நான் படிச்ச அந்த எம்.எஸ்சி.யை இந்திய நர்சிங் கவுன்சில் 2017 வாக்குல கொண்டு வந்துச்சு. ரெண்டு வருஷம், ரெசிடென்சி முறை. கிளாஸ்ரூம் கொஞ்சம்தான், பெரும்பகுதி ஐசியூவுலயே. வென்டிலேட்டர் அளவுகளை மாத்துறது, ரத்த வாயு ரிப்போர்ட்டைப் படிச்சு அடுத்து என்னன்னு சொல்றது, மருந்தியல், உடல் பரிசோதனை எல்லாம் உண்டு. பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கு: ஆஸ்பத்திரி ஒத்துக்கிட்ட நெறிமுறைக்குள்ள, அதாவது ஸ்டாண்டிங் ஆர்டருக்குள்ள, நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து கொடுக்கலாம், டெஸ்ட் எழுதலாம்.

படிச்சு முடிச்சுட்டு வேலைக்குப் போனேன். எச்.ஆர். மேடம் சர்டிஃபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நல்ல படிப்பும்மா. ஆனா எங்க சிஸ்டத்துல இந்தப் போஸ்ட் இல்ல. ஸ்டாஃப் நர்ஸ்னு போட்டுக்கலாமா?"ன்னாங்க. சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூட. அதே ஷிஃப்ட், அதே பத்து பெட். விடிகாலை மூணு மணிக்கு ஒரு நோயாளிக்கு மூச்சு மோசமாகுதுன்னா, என்ன பண்ணணும்னு தெரிஞ்சுக்கிட்டே ட்யூட்டி டாக்டருக்கு போன் அடிச்சுட்டு நிற்பேன். படிக்கிறதுக்கு முன்னாடியும் நின்னேன். அப்போ தெரியாம நின்னேன், இப்போ தெரிஞ்சு நிக்கிறேன். ரெண்டாவதுதான் கஷ்டம்.

நம்ம ஊர்ல நர்ஸ் வேலையோட மதிப்பைப் பத்திப் பேசினா பணத்தையும் பேசணும். தமிழ்நாட்டுல 2015-ல எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒப்பந்தத்துல வந்த நர்சுகளுக்கு ஆரம்பச் சம்பளம் மாசம் 7,700 ரூபாய். அப்புறம் ஏத்தினாங்க. நிரந்தரம் ஆக்கச் சொல்லி அவங்க பல தடவை தெருவுல உட்கார்ந்தாங்க. அடிப்படை வேலைக்கே இந்த நிலைமை இருந்தா, அதுக்கு மேல ஒரு படி கட்டச் சொல்றது எவ்வளவு தூரம்னு நீங்களே யோசிங்க.

ஆனா எல்லாக் கதவும் மூடியிருக்குன்னு சொன்னா அது பொய். நான் மூணு நாலு கதவைப் பார்க்கிறேன்.

ஒண்ணு, துணை சுகாதார நிலையங்கள். 2018-ல ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல துணை நிலையங்களை நலவாழ்வு மையமா மாத்தும்போது, அங்க ஒரு நர்சை உட்கார வச்சாங்க. தமிழ்நாட்டுல இவங்களை எம்.எல்.எச்.பி.ன்னு சொல்வாங்க, இடைநிலை சுகாதாரப் பணியாளர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துலயும் இவங்களுக்கு வேலை இருக்கு. பிரஷர், சுகர் இருக்கிறவங்களைக் கண்டுபிடிச்சு, டாக்டர் எழுதின மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போய்க் கொடுக்கிற திட்டம் அது. எங்க மாதிரி ஊருக்கு அது எவ்வளவு பெருசுன்னு பஸ்ஸுக்கு நின்னவங்களுக்குத்தான் தெரியும். இந்த எம்.எல்.எச்.பி. பதவிதான் நம்ம நாட்டுல நர்ஸ் பிராக்டிஷனருக்கு ரொம்பக் கிட்ட வர்றது. ஆனா பயிற்சி குறைவு, எல்லை சின்னது, பதவி உயர்வுக்குப் படி இல்ல.

ரெண்டு, பிரசவம். 2018-ல மத்திய அரசு 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி'ன்னு 18 மாசப் பயிற்சியைக் கொண்டு வந்துச்சு. சிக்கல் இல்லாத பிரசவத்தை மிட்வைஃபே பார்ப்பாங்க, சிக்கல் வந்தா டாக்டர்.

மூணு, சட்டம். 2019-ல வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தோட 32-ஆவது பிரிவு, 'சமுதாய சுகாதாரச் சேவையாளர்'னு ஒரு பிரிவினருக்கு, ஆரம்ப சிகிச்சையில மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தானே எழுத வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம்னு சொல்லுது. டாக்டர்கள் சங்கம் கடுமையா எதிர்த்துச்சு. அப்புறம் 2023-ல, 1947-ல போட்ட பழைய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலா, தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தைக் கொண்டு வந்தாங்க. கதவுக்குச் சட்டம் போட்டாச்சு. உள்ள போற பாதையை இனிதான் போடணும்.

டாக்டர்களோட எதிர்ப்பை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அவங்க கேட்கிற ஒரு கேள்வி நியாயமானது: "பணக்காரனுக்கு டாக்டர், மலைக்காரனுக்கு நர்ஸா?" நான் மலைக்காரி, அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கும். நர்ஸ் பிராக்டிஷனரை வச்சுட்டு டாக்டர் பதவியைத் தூக்கினா, நானே முதல்ல எதிர்ப்பேன். ஆனா இன்னைக்கு எங்க ஊர்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா, அவர் முன்னாடி இருக்கிறது டாக்டரா நர்ஸாங்கிற கேள்வி இல்ல. நர்ஸா, பிக்கப் வண்டியாங்கிறதுதான் கேள்வி.

எங்க நிறுத்தணும்னு தெரியறதும் இந்தப் படிப்போட பாதி. அதுக்குப் பெரியப்பா கதையோட மிச்சத்தைச் சொல்றேன்.

அவரைக் கீழ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாரு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். "பூண்டு எடுக்கிற நேரம் பாப்பா, கூட்டிட்டுப் போயிடலாம்"னு பெரியம்மா அவசரப்பட்டாங்க. நான் விடல. இந்த விஷத்துல, ஒண்ணுல இருந்து நாலு நாளுக்குள்ள, தேறிட்டார்னு நினைக்கும்போது தசை எல்லாம் திடீர்னு பலம் இழக்கும். முதல் அறிகுறி கழுத்து. மூணாவது நாள் காலையில, "பெரியப்பா, தலையணையில இருந்து தலையை மட்டும் தூக்குங்க"ன்னேன். தூக்க முடியல. பேசுறாரு, சிரிக்கிறாரு, தலை மட்டும் எழும்பல. ஓடிப் போய் ட்யூட்டியில இருந்த சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவங்க உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் அவரை வென்டிலேட்டர்ல போட்டாங்க. டாக்டர்தான் குழாய் போட்டாரு. டாக்டர்தான் போடணும். அந்தத் தலை எழும்பலைங்கிறதை அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் பார்க்கணும், பார்த்ததுக்கு அர்த்தம் தெரியணும், சொன்னா கேட்கிற ஒரு ஏற்பாடு இருக்கணும். நர்ஸ் பிராக்டிஷனர்னா என்னன்னு யாராவது கேட்டா நான் சொல்றது இதைத்தான். 'சின்ன டாக்டர்'ங்கிறது தப்பான பேரு.

இப்போ உங்கள்ல யாராவது நர்சிங் படிக்கிறீங்கன்னா, இல்ல தங்கச்சியைச் சேர்க்கப் போறீங்கன்னா, எனக்கு யாரும் சொல்லாத சில விஷயம்.

இந்தப் படிப்புல சேர்றதுக்கு முன்னாடி காலேஜ்ல மூணு கேள்வி கேளுங்க. இதுக்கு முன்னாடி படிச்சவங்க இப்ப எந்தப் பதவிப் பேர்ல வேலை பார்க்கிறாங்க? உங்க ஆஸ்பத்திரியில ஸ்டாண்டிங் ஆர்டர் எழுத்துல இருக்கா? நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கா? பதில் மழுப்பலா வந்தா, பீஸ் கட்டாதீங்க.

வெளிநாடு போனா உடனே 'அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர்' ஆகிடலாம்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க. இங்கிலாந்துல நீங்க எவ்வளவு படிச்சிருந்தாலும், மொழித் தேர்வு, கம்ப்யூட்டர் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் முடிச்சுட்டு பெரும்பாலும் பேண்ட் 5-ல தான் ஆரம்பிப்பீங்க. அட்வான்ஸ்டு பிராக்டிஸ் வேலை பேண்ட் 7, 8ஏ பக்கம். அதுக்கு இடையில பல வருஷ அனுபவம், அங்க ஒரு மாஸ்டர்ஸ், மருந்து எழுதுறதுக்குத் தனித் தகுதி. 2006-லிருந்து அங்க தகுதி பெற்ற நர்ஸ் தன் திறமைக்கு உட்பட்ட கிட்டத்தட்ட எல்லா மருந்தையும் தானே எழுதலாம். ஆஸ்திரேலியாவுல அந்தப் பேரையே சட்டம் பாதுகாக்குது. மாஸ்டர்ஸோட 5,000 மணி நேரம் உயர்நிலை அனுபவம் காட்டணும். அதனால இன்னைக்கே ஒரு நோட்டுப் போடுங்க. என்ன நோயாளி, நீங்க என்ன முடிவு சொன்னீங்க, அது சரியா வந்துச்சா, எல்லாத்தையும் எழுதி வைங்க. நோயாளி பேர் மட்டும் வேண்டாம். அந்த நோட்டு வெளிநாட்டுக் கணக்குல அப்படியே சேராது. ஆனா உங்க திறமைக்கு ஆதாரம் உங்க கையிலயே இருக்கும்.

நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்பீங்க. என் மொபைல்ல இங்கிலாந்து ஆஃபர் லெட்டர் இருக்கு. பதில் சொல்ல இன்னும் ஆறு வாரம் டைம். அம்மா "போயிட்டு வா"ங்கிறாங்க. அப்பா ஒண்ணும் சொல்றதில்ல. போனா என் கையெழுத்துக்கு மதிப்பு வரும். இங்கேயே இருந்தா, இந்தப் பதவியை உருவாக்கச் சொல்லிக் கேட்கிறவங்கள்ல ஒருத்தி கூடும். எது சரின்னு எனக்கு இன்னும் தெளிவா தெரியல. போனாலும் திரும்பி வர்ற மாதிரி ஒரு வேலை இங்க இருக்கணும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

பெரியப்பா பதினோரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு. இப்பவும் பீன்ஸ் போடுறாரு, மருந்தும் அடிக்கிறாரு. ஆனா கையுறை, முகமூடி போட்டுக்கிட்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துத்தான். போன தடவை போனப்போ கேட்டாரு: "பாப்பா, நீ படிச்சிருக்கியே, நம்ம ஊருக்கே வேலைக்கு வந்துட்டா என்ன?"

வர்றேன் பெரியப்பா, முதல்ல அந்த வேலை வரட்டும்னு சொன்னேன்.